அலமாரியில் தூங்காத பரிசு: எழுதுகிறவருக்கும் வரைகிறவருக்கும் எழுதுபொருள், வாழ்த்து அட்டை தேர்ந்தெடுக்க ஒரு வழிகாட்டி

எழுதுகிறவர், வரைகிறவர், நாட்குறிப்பை அலங்கரிக்கிறவர் என்று யாருடைய அலமாரியைத் திறந்தாலும் அழகான நோட்டுப் புத்தகங்கள் சில அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். எல்லாம் பரிசாக வந்தவை. வந்த அன்று பிரித்துப் பார்த்து, தடவிப் பார்த்து, “எவ்வளவு அழகு!” என்று சொல்லி உள்ளே வைத்ததோடு சரி. அதன் பிறகும் அவர்கள் தினமும் எழுதுவது மூலை மடங்கிய ஏதோ சாதாரண நோட்டில்தான்.

இதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் உண்டு. பரிசாக வந்த தாள், அவர்கள் கையிலிருக்கும் பேனாவுக்கோ வண்ணத்துக்கோ ஒத்துவராமல் இருக்கலாம். அல்லது அதன் அழகே அவர்களைத் தடுத்திருக்கலாம். தங்க விளிம்பிட்ட முதல் பக்கத்தில் கிறுக்கல் விழுந்துவிடுமே என்ற தயக்கம் படைப்பாளிகளுக்கு மற்றவர்களைவிட அதிகம். எனவே கடைக்குப் போகும்போது “எது அழகு?” என்பதற்கு முன்பாக “எது தீர்ந்துபோகும்?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடைசிப் பக்கம் வரை எழுதப்பட்டு, அடிமட்டம் வரை சீவப்பட்டு, காலியாகிற பொருள்தான் நல்ல பரிசு என்பது என் கட்சி. கீழே வருவதெல்லாம் அந்தப் பார்வையில் எழுதியவை.

முதல் படி: அவர்களுடைய மேசையைப் பாருங்கள்

வாங்குவதற்கு முன்பு கொஞ்சம் வேவு பார்க்க வேண்டும். பரிசு பெறுகிறவர் இப்போது எதைப் பயன்படுத்துகிறார் என்பதை அவருடைய மேசையோ பையோ சொல்லிவிடும். நோட்டின் அளவு என்ன, கோடு போட்டதா, வெற்றுத் தாளா? பேனா மைப்பேனாவா, ஜெல்லா, பந்துமுனையா? எந்தப் பென்சில் விரல் அளவுக்குத் தேய்ந்திருக்கிறது? வண்ணப் பெட்டியில் எந்தக் குழி காலியாகியிருக்கிறது? தேய்ந்துபோன பொருள்தான் அவர் உண்மையில் விரும்பும் பொருள். பளபளவென்று புதிதாகவே இருக்கும் பொருளை இன்னொரு முறை வாங்கித் தராதீர்கள்.

மேசையைப் பார்க்க வழியில்லை என்றால் கேட்கலாம். “உனக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டால் “ஒன்றும் வேண்டாம்” என்ற பதில்தான் வரும். “உனக்கு அடிக்கடி தீர்ந்துபோவது எது?” என்று கேட்டுப் பாருங்கள். கேள்வியில் பரிசின் வாடை இல்லாததால், கலைஞர்கள் ஒரு மூச்சில் பட்டியல் போட்டுவிடுவார்கள். அவர் எந்தக் கையால் எழுதுகிறார் என்பதையும் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். இடக்கைப் பழக்கம் உள்ளவருக்கான தேர்வு பல இடங்களில் மாறும்.

இரண்டாம் படி: தாளைப் புரிந்துகொள்ளுங்கள்

எழுதுபொருளில் முக்கால் பங்கு விஷயம் தாளில்தான் இருக்கிறது. அட்டைப்படம், ரிப்பன், பூ வேலைப்பாடு எல்லாம் அதற்குப் பிறகுதான். ஆனால் கடையில் நம் கண்ணைப் பிடிப்பது எப்போதும் அட்டைதான். தாளை யாரும் தடவிப் பார்ப்பதில்லை.

தாளின் கனத்தை ஜிஎஸ்எம் என்ற அளவில் குறிக்கிறார்கள். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்பதே அது. ஏ0 தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டர். அதை நான்கு முறை பாதியாக்கினால் கிடைப்பது ஏ4, அதாவது பதினாறில் ஒரு பங்கு. ஆகவே 80 ஜிஎஸ்எம் கொண்ட ஏ4 தாள் ஒன்றின் எடை 5 கிராம். இந்தக் கணக்கு பின்னால் அஞ்சல் செலவைப் பார்க்கும்போதும் உதவும். நகல் எடுக்கும் தாள் வழக்கமாக 70 முதல் 80 ஜிஎஸ்எம் வரை இருக்கும். நல்ல நோட்டுப் புத்தகங்கள் 80 முதல் 120 வரையிலும், வாழ்த்து அட்டைகள் 250 முதல் 350 வரையிலும் இருக்கும்.

எண் பெரிதாக இருந்தால் தாள் நல்லது என்று நினைத்துவிட வேண்டாம். ஜப்பானில் உருவான டோமோயே ரிவர் என்ற தாள் வெறும் 52 ஜிஎஸ்எம் கனத்திலும் கிடைக்கிறது. மறுபக்கத்து எழுத்து நிழலாடும் அளவுக்கு மெல்லியது. ஆனாலும் மைப்பேனா பிரியர்கள் அதைத் தேடித் தேடி வாங்குகிறார்கள், ஏனென்றால் மை அதில் கசிவதில்லை. கனமான தாள் பல, மையைக் கண்டதும் உறிஞ்சிக் கோட்டைத் தடிக்கச் செய்துவிடும். கனத்தைக் காட்டிலும் தாள் தயாரிக்கும்போது சேர்க்கப்படும் பசைச்சத்துதான் இதைத் தீர்மானிக்கிறது. அது மையை உடனே உள்ளே போக விடாமல் மேற்பரப்பில் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கிறது. அப்படி நிற்கும்போது கோடு கூர்மையாக விழுகிறது, மையின் நிறமும் பளிச்சென்று தெரிகிறது. அதற்கு ஒரு விலையும் உண்டு: மை காய அதிக நேரம் எடுக்கும். எழுதிய வரியின் மேலேயே கை நகரும் இடக்கைக்காரருக்கு இத்தகைய தாளைக் கொடுத்தால், ஒவ்வொரு பக்கமும் ஒரு தீற்றலோடு முடியும். அவர்களுக்குச் சற்றே உறிஞ்சுகிற தாளும் விரைவாகக் காயும் மையும்தான் உதவி.

தாளில் பார்க்க வேண்டிய குறைகள் மூன்று. கோட்டின் ஓரம் மெல்லிய இழைகளாகப் பிரிந்து பரவுவது முதலாவது. மை தாளைத் துளைத்து மறுபக்கம் புள்ளிப் புள்ளியாக வெளிவருவது இரண்டாவது. மூன்றாவது, மை துளைக்காவிட்டாலும் எழுத்தின் நிழல் மறுபக்கம் தெரிவது. முதல் இரண்டும் இருந்தால் வாங்கவே வேண்டாம். மூன்றாவதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. மெல்லிய தாளில் அது இருக்கத்தான் செய்யும்.

கடையில் மாதிரி நோட்டு திறந்து வைத்திருந்தால், நீங்கள் கொண்டுபோன பேனாவால் கடைசிப் பக்கத்தின் மூலையில் ஒரு சிறு வட்டத்தை மெதுவாகப் போட்டுப் பாருங்கள். வேகமாகப் போட்டால் எந்தத் தாளும் தேர்வில் பாஸாகிவிடும். மெதுவாகப் போகும்போதுதான் மை இறங்கும். அப்படிச் செய்ய முடியாத இடத்தில் ஒரே ஒரு பிரதியை முதலில் வாங்கி வீட்டில் சோதித்துவிட்டு, பிறகு பரிசுக்கு வேறொன்றை வாங்கலாம். நீண்ட நாள் பழகப்போகும் நண்பருக்கு இந்தச் செலவு வீண் இல்லை.

‘அமிலமற்றது’ என்ற குறிப்பும் முக்கியம். மரக்கூழில் உள்ள லிக்னின் என்ற பொருளும் தாளில் தங்கிய அமிலமும் சேர்ந்து தாளை மஞ்சளாக்கி, நாளடைவில் நொறுங்க வைக்கும். செய்தித்தாள் சீக்கிரம் பழுப்பது இதனால்தான். கடிதம் எழுதுகிறவருக்கும், படம் ஒட்டி ஆல்பம் செய்கிறவருக்கும், ஓவியருக்கும் அமிலமற்ற தாளே தர வேண்டும்.

ஓவியத் தாள் தனி உலகம். நீர்வண்ணம் தீட்டுகிறவருக்கு 300 ஜிஎஸ்எம் என்ற எண்ணை நினைவில் வையுங்கள். அதற்குக் கீழே போகப் போக, தண்ணீர் பட்டதும் தாள் அலை அலையாக நெளியத் தொடங்கும். பருத்தி இழைத் தாளா, மரக்கூழ்த் தாளா என்பது அடுத்த கேள்வி. பருத்தித் தாள் விலை கூடியது. ஆனால் அதில் வண்ணம் நிதானமாகப் பரவும், துடைத்து எடுக்கவும் தாங்கும். மலிவான வண்ணமும் நல்ல தாளும் சேர்ந்தால் படம் தேறிவிடும். நல்ல வண்ணத்தை மட்டமான தாள் கெடுத்துவிடும். எனவே பரிசுக்கான தொகை சிறியதாக இருந்தால் அதைத் தாளில் போடுங்கள். மேற்பரப்பில் மூன்று வகை உண்டு: வழவழப்பான ‘ஹாட் பிரஸ்’, நடுத்தரச் சொரசொரப்புள்ள ‘கோல்ட் பிரஸ்’, கரடுமுரடான ‘ரஃப்’. எது வேண்டும் என்று தெரியாவிட்டால் கோல்ட் பிரஸ் எடுங்கள், பெரும்பாலோர் பழகுவது அதில்தான்.

ஆல்கஹால் மார்க்கர் பயன்படுத்துகிறவருக்கு அதற்கென்று தயாரித்த மார்க்கர் தாள் தேவை. மற்ற தாள்களில் அது அடுத்த பக்கத்தையும் சேர்த்து நனைத்துவிடும். பிரஷ் பேனாவில் எழுத்துக்கலை பழகுகிறவருக்குச் சொரசொரப்பே கூடாது, முனை பிய்ந்துபோகும். கரி, சுண்ண வண்ணம் போன்றவற்றில் வரைகிறவருக்கோ அந்தச் சொரசொரப்புதான் வேண்டும், தூள் பிடித்துக்கொள்ள இடம் அதுதான்.

மூன்றாம் படி: நோட்டின் கட்டுமானம்

மேசையில் விரித்து வைத்தால் தட்டையாகக் கிடக்கிறதா? இதுதான் முதல் சோதனை. நூலால் தைத்த நோட்டு தட்டையாக விரியும், பக்கங்களும் உதிராது. முதுகுப் பக்கத்தை மேலிருந்து பார்த்தால், தாள்கள் சிறு சிறு மடிப்புக் கட்டுகளாகச் சேர்ந்திருப்பது தெரியும். வெறும் கோந்தால் ஒட்டியதில் அந்தக் கட்டுகள் இருக்காது. பலவற்றில் பாதியில் விரித்து அழுத்தினால் முதுகு ‘கிரக்’ என்று விரிசல் விடும். சுருள் கம்பி போட்டது முழுமையாகப் பின்னால் மடங்கும் என்பதால், நின்றுகொண்டே வரைகிறவருக்கு வசதி. ஆனால் இடது ஓரத்துக் கம்பி இடக்கைக்காரரின் மணிக்கட்டைக் குத்தும். அவர்களுக்கு மேல் ஓரத்தில் கம்பி உள்ள வகையைத் தேடுங்கள்.

அளவில், ஏ5 (148 x 210 மில்லிமீட்டர்) யாருக்கும் பொருந்தும். பைக்குள் போகும், மேசையிலும் சிறியதாகத் தெரியாது. சட்டைப்பை அளவு வேண்டுமென்றால் ஏ6. கோடுகளைப் பொறுத்தவரை, புள்ளிக்கட்டத் தாள்தான் பாதுகாப்பான தேர்வு. வழக்கமாக 5 மில்லிமீட்டர் இடைவெளியில் மங்கலான புள்ளிகள் இருக்கும். எழுதலாம், வரையலாம், கட்டம் போடலாம். இசை எழுதுகிறவருக்கு ஐந்துகோட்டுத் தாள் நோட்டு என்று ஒன்று உண்டு. அவர் மேற்கத்திய இசைக்குறியீட்டில் எழுதுகிறவர் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள்.

அட்டையில் பொன்மொழி அச்சிட்ட நோட்டுகளை நான் வாங்குவதில்லை. ‘பெரிய கனவு காண்’ என்று அதட்டும் அட்டையின் கீழே சலவைத் துணிக் கணக்கும் கடன் கணக்கும் எழுத யாருக்குக் கை வரும்?

நான்காம் படி: பேனா, பென்சில், வண்ணம்

இங்கே பொதுவான எச்சரிக்கை ஒன்று. ஒருவருடைய தொழிலின் மையக் கருவியை, அவர் கேட்காமல் வாங்கித் தராதீர்கள். ஓவியருக்குத் தூரிகை, எழுத்துக்கலைஞருக்கு நிப்பு, எழுத்தாளருக்கு விலையுயர்ந்த பேனா ஆகியவற்றில் அவர்கள் கைக்குப் பழகிய ருசி ஒன்று ஏற்கெனவே வந்துவிட்டிருக்கும். கருவிக்குத் துணை நிற்கும் பொருளைத் தேர்ந்தெடுங்கள்: மை, தாள், பேனா உறை, பென்சில் முனையைக் காக்கும் மூடி, தூரிகையைச் சுருட்டி வைக்கும் துணிப்பை, நல்ல சீவி.

மைப்பேனா வைத்திருப்பவருக்கு மைக்குப்பி அருமையான பரிசு. பார்க்க அழகு, தீர்ந்தும் போகும். வாங்குமுன் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். இந்தியன் இங்க் என்ற பெயரில் விற்கும் மையை மைப்பேனாவுக்குத் தரக் கூடாது. அதில் சேர்க்கப்படும் அரக்கு போன்ற பிணைப்புப் பொருள் பேனாவின் உள்குழாயில் காய்ந்து அடைத்துக்கொள்ளும். அது தொட்டு எழுதும் நிப்புக்கும் தூரிகைக்கும் உரியது. மினுமினுப்புத் துகள் கலந்த மையும் மெல்லிய நிப்பில் அடைத்துக்கொள்ளக்கூடும், அகல நிப்பு வைத்திருப்பவருக்கே அதைக் கொடுங்கள். குப்பிக்குப் பதில் மைக்குழல் வாங்கினால், அது எந்த நிறுவனத்துப் பேனாவுக்கு என்று பார்க்க வேண்டும். பல நிறுவனங்கள் தங்கள் பேனாவுக்கு மட்டும் பொருந்தும் குழலையே செய்கின்றன.

பேனாவே வாங்கியாக வேண்டும் என்றால், நிப்பின் அகலத்தைப் பாருங்கள். எஃப் என்றால் மெல்லியது, எம் நடுத்தரம், பி அகலம். ஜப்பானிய நிறுவனங்களின் எஃப், பொதுவாக ஐரோப்பிய நிறுவனங்களின் எஃப்பைவிட இன்னும் மெல்லியதாக எழுதும். சின்ன எழுத்துக்காரருக்கு முன்னது சரி.

பென்சிலில் மென்மையும் கடினமும் களிமண்ணும் கிராஃபைட்டும் கலக்கும் விகிதத்தில் இருக்கின்றன. பிரான்சைச் சேர்ந்த நிக்கோலா ஜாக் காண்டே 1795-ல் இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றார். களிமண் கூடக் கூடக் கோடு வெளிறும், அது எச் வரிசை; கிராஃபைட் கூடினால் கறுக்கும், அது பி வரிசை. வரைகிறவருக்கு 24 பென்சில் கொண்ட பெட்டி தேவையில்லை. எச்பி, 2பி, 4பி, 6பி ஆகியவற்றில் இரண்டிரண்டும், பிசைந்து பயன்படுத்தும் அழிப்பானும் போதும்.

வண்ணப் பெட்டிகளில் எண்ணிக்கைதான் பொறி. 72 நிறம் என்று மூன்றடுக்கில் திறக்கும் பெட்டி கண்ணைப் பறிக்கும். அதே தொகைக்குக் கலைஞர் தரத்தில் 12 நிறம் கிடைத்தால், நான் 12-ஐத்தான் எடுப்பேன். மாணவர் தர வண்ணத்தில் நிறமி குறைவு, நிரப்பி அதிகம். எத்தனை முறை தீட்டினாலும் சாயம் ஏறாது. அழுத்தமான 12 நிறங்களைக் கலந்து மற்றவற்றை உண்டாக்கிக்கொள்ளலாம். கலக்கத் தெரியாத புதியவர் கலக்கக் கற்றுக்கொள்வதும் அதில்தான்.

குழாயின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் நிறமியின் குறியீடு இருக்கும். பிபி29 என்றால் அல்ட்ராமரைன் நீலம். ஒரே குறியீடு இருந்தால் ஒரே நிறமி, கலக்கும்போது எளிதில் சேறாகாது. நிறத்தின் பெயரோடு ‘ஹியூ’ என்ற சொல் ஒட்டியிருந்தால், பெயருக்குரிய அசல் நிறமிக்குப் பதில் வேறு நிறமி சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். அதில் தவறில்லை, விலை குறையும், தெரிந்து வாங்கினால் சரி. வெளிச்சத்தில் நிறம் மங்காமல் நிற்குமா என்பதற்கும் தரக்குறியீடு போட்டிருப்பார்கள். படத்தைச் சட்டம் போட்டு மாட்டுகிறவருக்கு அது உயிர்நாடி. நோட்டுக்குள்ளேயே வரைந்து மூடி வைக்கிறவருக்கு அவ்வளவு அவசியமில்லை.

வாஷி டேப் (மெல்லிய தாளில் செய்த அலங்கார ஒட்டுநாடா), ஸ்டிக்கர், முத்திரை போன்ற அலங்காரப் பொருட்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாட்குறிப்பு அலங்கரிக்கிறவர் எவருக்கும் வாஷி டேப் பிடிக்கும், ஒட்டிய பிறகு தாளைக் கிழிக்காமல் உரித்தெடுக்கலாம் என்பதால் பிழை பயமும் இல்லை. ஈ பிடிக்கும் ஒட்டுத்தாள் செய்து 1923-ல் தொடங்கிய கமோய் ககோஷி என்ற ஜப்பானிய நிறுவனம்தான் 2008-ல் அலங்கார வாஷி டேப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நிறம் தேர்ந்தெடுக்கும்போது, ஒன்றோடொன்று போட்டியிடும் பத்து வடிவங்களைவிட அடக்கமான கோடோ கட்டமோ போட்ட இரண்டும், கண்ணைக் கவரும் ஒன்றுமாக எடுங்கள்.

ஐந்தாம் படி: வாழ்த்து அட்டை

அச்சிட்டு விற்கப்பட்ட முதல் கிறிஸ்துமஸ் அட்டை 1843-ல் லண்டனில் வந்தது. ஹென்றி கோல் கேட்க, ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியர் வரைந்து தந்தார். வாழ்த்து வாசகம் அச்சாகியே வரும், பெயரை மட்டும் எழுதினால் போதும். ஆக கிறிஸ்துமஸ் அட்டை பிறந்ததே நேரத்தை மிச்சப்படுத்தத்தான். இன்றும் கடைகளில் பாதிக்கு மேல் அந்த ரகம்தான்: உள்ளே நான்கு வரிக் கவிதை, கீழே கையெழுத்துக்கு இடம். சொற்களோடும் கோடுகளோடும் வாழ்கிறவருக்கு அதை அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. உள்ளே வெற்றாக இருக்கும் அட்டையையே வாங்குங்கள்.

அட்டையைத் திறந்து உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். வழுக்கினால் அங்கே பூச்சு இருக்கிறது. மை காயாமல் தீற்றிக்கொள்ளும். வெளிப்பக்கம் எவ்வளவு பளபளத்தாலும் உள்பக்கம் பூச்சில்லாத தாளாக இருக்க வேண்டும். மடிப்பில் வெள்ளை விரிசல் தெரிகிறதா என்றும் பாருங்கள். கனமான அட்டையை முதலில் வரி அழுத்தாமல், தாளின் இழைகள் ஓடும் திசைக்குக் குறுக்காக மடித்தால் அப்படி வெடிக்கும். சொந்தமாக அட்டை செய்கிறவர்கள், மடிக்குமுன் மழுங்கிய கத்தியின் முதுகாலோ மை தீர்ந்த பந்துமுனைப் பேனாவாலோ அடிமட்டம் வைத்துக் கோடு அழுத்திக்கொள்ளலாம்.

அச்சு வகையைக் கவனிக்கப் பழகினால் தேர்வு சுவையாகும். லெட்டர்பிரஸ் அச்சில் எழுத்து தாளுக்குள் அழுந்தியிருக்கும், விரலுக்குத் தெரியும். ஸ்கிரீன் அச்சில் மை மேலே ஒரு படலமாக நிற்கும். லினோலியம் என்ற மென்மையான தகட்டைச் செதுக்கிக் கையால் அச்சிட்டதில் பிரதிக்குப் பிரதி சின்ன வேறுபாடு இருக்கும். கலைஞருக்கு இந்த வேறுபாடு சட்டென்று கண்ணில் படும், அட்டையைப் புரட்டிப் பின்பக்கமும் பார்ப்பார். பின்பக்கத்தில் வரைந்தவரின் பெயர் இருந்தால் கூடுதல் மகிழ்ச்சி. மினுக்குத் தூள் தூவிய அட்டைகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். வரைகிறவரின் மேசையில் அந்தத் தூள் விழுந்தால் ஈர வண்ணத்தில் ஒட்டிக்கொண்டு போகவே போகாது.

உறையின் அளவைப் பார்த்து வாங்குங்கள். ஏ5 தாளைப் பாதியாக மடித்தால் ஏ6 அட்டை (105 x 148 மில்லிமீட்டர்). அதற்கு சி6 உறை (114 x 162) பொருந்தும். ஏ4 கடிதத்தை மூன்றாக மடித்தால் டிஎல் உறை (110 x 220). ஏ5 அளவுள்ள 300 ஜிஎஸ்எம் அட்டையின் எடை 9 கிராமுக்குக் கொஞ்சம் மேலே வரும். உறையையும் சேர்த்துக் கணக்கிட்டு அஞ்சல்தலை ஒட்டலாம். சதுர உறை பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அஞ்சல் பிரிக்கும் இயந்திரங்களுக்கு அது ஒத்துவராது என்பதால் சில நாடுகளில் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். அரக்கு முத்திரை வைப்பதானால், பழைய வகை அரக்கு வழியில் நொறுங்கிவிடும். வளைந்து கொடுக்கும் வகை என்று கேட்டு வாங்கி, மேலே இன்னொரு உறை போட்டு அனுப்புங்கள். கறுப்பு, கருநீல உறைகளில் வெள்ளை ஜெல் பேனாவால் எழுதினால் அழகு, ஆனால் முகவரி வாசிக்க முடியாமல் போகும் அபாயமும் உண்டு. வெள்ளைச் சீட்டில் முகவரி எழுதி ஒட்டுவது உத்தமம்.

என்ன எழுதுவது? இதில் தயங்கி நிற்கிறவர்கள் அதிகம். “உன் திறமை மேலும் வளரட்டும்” என்று எழுதினால் அது யாருக்கும் பொருந்தும், அதனால் யாரையும் தொடாது. அவர் செய்த குறிப்பிட்ட ஒன்றைச் சொல்லுங்கள்: “நீ வரைந்த அந்தப் படிக்கட்டுப் படத்தில் கடைசிப் படியில் மட்டும் வெயில் விழுந்திருந்தது. அதைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.” நீங்கள் உண்மையாகவே பார்த்தீர்கள் என்பதற்கு அது சாட்சி. மூன்று நான்கு வரி போதும். முதலில் வேறு தாளில் எழுதிப் பார்த்து, அட்டையில் பென்சிலால் மங்கலாகக் கோடு போட்டு, மேலே பேனாவால் எழுதி, நன்றாகக் காய்ந்த பிறகு கோட்டை அழியுங்கள். காயும் முன் அழித்தால் வாழ்த்தும் சேர்ந்து அழியும்.

ஆறாம் படி: ஆளுக்கேற்ற சேர்க்கை

ஒரே பொருளாகக் கொடுப்பதைவிட, ஒன்றோடு ஒன்று வேலை செய்யும் இரண்டு மூன்றைச் சேர்த்துக் கொடுத்தால், பெறுகிறவர் அன்றே உட்கார்ந்து தொடங்கிவிடுவார்.

எழுதுகிறவருக்கு: ஒரே மாதிரியான மெல்லிய நோட்டு மூன்று, ஒரு மைக்குப்பி. மூன்று என்பதில் சூட்சுமம் இருக்கிறது. ஒன்றே ஒன்று என்றால் காப்பாற்றி வைப்பார். மூன்று இருந்தால் ஒன்றைக் கிறுக்கத் துணிவு வரும். கடிதம் எழுதும் பழக்கம் உள்ளவருக்குத் தாள், உறை, அஞ்சல்தலை மூன்றும் சேர்ந்த கட்டு. அஞ்சல்தலையை வைத்துக் கொடுக்க யாருக்கும் தோன்றுவதில்லை, கடிதம் தபால்பெட்டிக்குப் போகாமல் நின்றுவிடுவதோ அது இல்லாததால்தான்.

பயணத்தில் வரைகிறவருக்கு: பைக்குள் அடங்கும் நீர்வண்ண நோட்டு, நீர் புகாத நிறமி மைப்பேனா, தண்ணீர் நிரப்பும் கைப்பிடியுள்ள தூரிகை. நிறமி மை காய்ந்த பிறகு மேலே வண்ணம் தீட்டினாலும் கோடு கலையாது. சாய மை கலைந்துவிடும். பேனாவின் மீதோ அதன் உறையிலோ இரண்டில் எது என்று பெரும்பாலும் எழுதியிருக்கும், படித்துப் பார்த்து வாங்குங்கள்.

பின்னல் வேலை செய்கிறவருக்கு நூல் வாங்கினால், எல்லா நூற்கண்டிலும் சாயத்தொகுதி எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே நிறப் பெயர் இருந்தாலும் வேறு தொகுதியில் தோய்த்த நூல் சற்றே மாறித் தெரியும். பாதிச் சட்டையில் அது கோடு விழுந்தாற்போல் காட்டிக்கொடுக்கும். போதுமான நீளம் இருக்குமா என்ற சந்தேகம் இருந்தால் ஒரு கண்டு கூடவே வாங்குங்கள், பிறகு அதே தொகுதி கிடைக்காது. நூல்தேர்வு பயமாக இருந்தால், கண்ணி எண்ணும் குறிகளோ நல்ல கத்தரிக்கோலோ வாங்கலாம்.

குழந்தைக் கலைஞர்களுக்கு விலையுயர்ந்தது வேண்டாம், நிறைய வேண்டும். கட்டுக்கட்டாய் வெற்றுத் தாள், கழுவினால் போகும் மார்க்கர், கெட்டியான கோந்து. “வீணாக்காதே” என்று பெற்றோர் சொல்ல இடமில்லாத அளவுக்குத் தாள் இருப்பதுதான் அவர்களுக்குக் கொண்டாட்டம்.

எதுவுமே தெரியாத நிலையில், நாளைக்கே கொடுத்தாக வேண்டும் என்றால்: நூல் தைத்த ஏ5 புள்ளிக்கட்ட நோட்டு, கறுப்பு நிறமி மைப்பேனா இரண்டு, உள்ளே வெற்றான அட்டை ஒன்று. இது யாருக்கும் பொருந்தாமல் போகாது.

ஏழாம் படி: பொதிந்து கொடுப்பது

அழகான நோட்டைத் திறக்கத் தயங்குகிறவருக்காக முதல் பக்கத்தை நீங்களே கெடுத்துக் கொடுங்கள். முதல் பக்கத்தில் தேதி, அவர் பெயர், ஒரு வரி, முடிந்தால் கோணல்மாணலாக ஒரு படம். மை வாங்கியிருந்தால் அந்த மையிலேயே எழுதுங்கள், நிறம் தாளில் எப்படித் தெரிகிறது என்பதையும் அவர் பார்த்துவிடலாம். மாற்றிக்கொள்ள வாய்ப்புள்ள பொருள் என்றால் மட்டும் அப்படிச் செய்யாமல், தனி அட்டையில் எழுதி, விலை குறிப்பிடாத ரசீதையும் உள்ளே வையுங்கள்.

தாளும் அட்டையும் வளையாமல் இருக்க இருபுறமும் கெட்டி அட்டை வைத்துக் கட்டுங்கள். மைக்குப்பியின் மூடியை இறுக்கி, தனிப் பைக்குள் போட்டு, நிமிர்ந்த வாக்கில் வையுங்கள். ஈரமான பருவத்தில் பசை தடவிய உறைகள் தாமாகவே ஒட்டிக்கொள்ளும். இடையிடையே மெழுகுத்தாள் வைத்தால் தப்பிக்கும். பரிசுத் தாளுக்கு வாஷி டேப்பே போதும், கிழிக்காமல் பிரித்தெடுத்த தாளைப் படம் ஒட்டுகிறவர் வேறு எதற்காவது பயன்படுத்திக்கொள்வார்.

கொடுத்த பிறகு “அதில் என்ன வரைந்தாய், காட்டு” என்று கேட்காதீர்கள். காட்ட வேண்டியதாகிவிட்டால் அந்த நோட்டு மறுபடியும் அலமாரிக்குப் போய்விடும். நீங்கள் வாங்கிய நிறுவனம், அளவு, கோட்டு வகை, மையின் நிறப்பெயர் ஆகியவற்றை மட்டும் கைப்பேசியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சில மாதம் கழித்துப் பேச்சோடு பேச்சாக “அந்த மை தீர்ந்துவிட்டதா?” என்று கேட்டால், அடுத்த முறை என்ன வாங்குவது என்பது தெரிந்துவிடும்.